கர்தினாலின் தம்பியும் நம் பாடகர் குழுவும்

திருப்பூரை அடுத்த ஒரு பங்கில் நான் கண்ணால் கண்டதைச் சொல்லித் தொடங்குகிறேன். பனியன் கம்பெனிகளில் செக்கிங், அயர்னிங், கைமடி வேலைகளுக்கென்று சார்க்கண்டிலிருந்து வந்து தங்கியுள்ள இளைஞர் பத்துப் பன்னிருவர், ஒரு ஞாயிற்றுத் திருப்பலியின் காணிக்கைப் பவனியில் தம் மொழிப் பாடல் ஒன்றைப் பாட இசைவு கேட்டிருந்தனர். இசைவும் கிடைத்தது. அவர்கள் வெள்ளைச் சட்டை உடுத்தி, தோளில் ஒரு முழவைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தனர். மண்ணால் வனைந்து, இருபுறமும் தோல் போர்த்திய முழவு அது. பாடகர் குழுவின் பொறுப்பாளர் அதைப் பார்த்தார். “அது வேண்டாம், வெளியே வைத்துவிடுங்கள். கீபோர்டில் ரிதம் இருக்கிறது” என்றார்.

அவர்களும் வெளியே வைத்துவிட்டு வந்தனர். பொத்தான் அழுத்தப்பட்டது, எந்திரத் தாளம் ஓடத் தொடங்கியது. அவர்களுடைய பாட்டின் நடை வேறு, எந்திரத்தின் நடை வேறு. குரல் ஒரு பக்கமும் தாளம் ஒரு பக்கமுமாக இழுபட, இரண்டாம் அடியிலேயே பாட்டு நின்றுவிட்டது. திருப்பலி முடிந்தபின் வேப்பமரத்தடியில் அதே முழவை எடுத்து அதே பாட்டைப் பாடினார்கள். கூட்டம் கூடிவிட்டது. என் அருகில் நின்ற மூதாட்டி ஒருவர் கேட்டார்: “ஏஞ்சாமி, இத்தன நல்லாத் தட்டறாங்களே, இதைய எதுக்கு உள்ளார உடுல?”

அந்த முழவின் பெயர் மாந்தர். தமிழில் அச்சொல்லுக்கு என்ன பொருள் என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாந்தரை வெளியே நிறுத்திவிட்டு எந்திரத்தை உள்ளே வைத்துக்கொண்டோம். மூதாட்டியின் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. வீடு திரும்பும் வழியில் ஒரு பிரெஞ்சுக்காரரின் நினைவு வந்தது. உலகெங்கும் இப்படி வெளியே நிறுத்தப்பட்ட முழவுகளுக்காக வாழ்நாளெல்லாம் வழக்காடியவர் அவர். நம் திருச்சபையின் பெயர் பெற்ற குடும்பம் ஒன்றில் பிறந்து, நம்மை விட்டு அகன்றும் போனவர்.

ஒரே வீட்டின் இரு வாயில்கள்

அலேன் தனியேலு 1907-ஆம் ஆண்டு பாரிசை ஒட்டிய நெய்யி நகரில் பிறந்தார். தந்தை பிரெஞ்சு அமைச்சரவைகளில் இடம்பெற்ற அரசியல்வாதி. குருகுலத்தின் அதிகாரத்தை ஏற்காதவர். தாய் மதலேன் ஆழ்ந்த கத்தோலிக்கப் பக்தை. பெண்கல்விக்காகக் கல்வி நிலையங்களையும் அவற்றை நடத்த ஓர் அர்ப்பணக் குழுவையும் தோற்றுவித்தவர். அண்ணன் ழான் 1905-இல் பிறந்து இயேசு சபையில் சேர்ந்தார். திருச்சபைத் தந்தையரின் நூல்களை இக்காலத்தார்க்கு மீட்டுத் தந்த அறிஞருள் அவர் ஒருவர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் இறையியல் வல்லுநராகப் பணியாற்றி 1969-இல் கர்தினாலானார்.

தம்பி சென்ற வழி வேறு. நோயுற்ற குழந்தையாக வீட்டிலேயே வளர்ந்து, பியானோவோடு பேசிப் பழகி, பின்னர் வாய்ப்பாட்டும் நடனமும் பயின்றார். 1930-களில் இந்தியா வந்தவரைச் சாந்திநிகேதனத்தில் தாகூர் வரவேற்றார். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் காசியில் கங்கைக் கரையிலேயே குடியேறினார். சிவேந்திரநாத் பாசு என்பாரிடம் வீணை கற்றார். இந்தியும் வடமொழியும் கற்றார். சைவ தீட்சை பெற்றுச் சிவசரண் என்னும் பெயர் பூண்டார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இசை ஆய்வுப் பணி ஏற்றார். 1954-இல் சென்னைக்கு வந்து அடையாறு நூலகத்தின் இயக்குநரானார். 1956-இல் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். புராணங்களிலும் பழஞ்சுவடிகளிலும் உள்ள இசையிலக்கணத்தை என். ஆர். பட் என்னும் அறிஞரோடு சேர்ந்து பதிப்பித்தார்.

தமிழருக்கு அவர் ஆற்றிய பணி தனியே குறிப்பிடத்தக்கது. சிலப்பதிகாரத்தை ஆர். எஸ். தேசிகனோடு சேர்ந்து பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1961-இல் வெளியிட்டார். 1965-இல் ஆங்கிலத்திலும் தந்தார். பின்னர்ப் புலவர் தி. வே. கோபாலையரின் துணையோடு மணிமேகலையையும் ஆங்கிலமாக்கினார். அது 1989-இல் வெளிவந்தது. இரட்டைக் காப்பியங்கள் இரண்டையும் மேலை நாட்டார் கையில் சேர்த்த ஓர் இசையறிஞரை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

இப்போது 1963-ஆம் ஆண்டைப் பாருங்கள். அவ்வாண்டு டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. அதன் 119-ஆம் எண் மறைபரப்பு நாடுகளின் மக்களுக்குச் சொந்தமான இசை மரபுகள் உண்டென்றும், அவை அம்மக்களின் சமய வாழ்விலும் சமுதாய வாழ்விலும் பெரும் பங்கு வகிக்கின்றன என்றும், அவற்றிற்கு உரிய மதிப்பும் வழிபாட்டில் தக்க இடமும் தரவேண்டுமென்றும் அறிவுறுத்துகிறது. அண்ணன் வல்லுநராக அமர்ந்திருந்த சங்கம் இதைச் சொன்ன அதே ஆண்டில், தம்பி மேற்குப் பெர்லினில் ஒப்பீட்டு இசை ஆய்வுக்கான பன்னாட்டு நிறுவனத்தை நிறுவினார். யுனெஸ்கோவின் ஆதரவில் அவர் தொகுத்த இசைத்தட்டு வரிசை நாளடைவில் நூறு தட்டுகளுக்கு மேல் வளர்ந்தது. ஒரு வீட்டின் இரு பிள்ளைகளில் ஒருவர் திருச்சபையின் உள்ளிருந்தும் மற்றவர் வெளியே நின்றும், அந்தந்த மக்களின் இசையை அந்தந்த மக்களிடமிருந்து பறிக்காதீர் என்னும் ஒரே கருத்தின் பக்கம் நின்றனர்.

அவ்வேடு வெளிவந்து அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. நம் பாடகர் குழுவின் பொத்தானுக்கு இன்னும் அந்தச் செய்தி எட்டவில்லை.

“மதம் மாறியவன் பேச்சு நமக்கெதற்கு?”

இவ்வாறு கேட்போர் உண்டென்பதை அறிவேன். அவர் நம் மறையைத் துறந்தவர் என்பது உண்மை. ஒருகடவுட் சமயங்களையும் மறைபரப்பாளரையும் கடுமையாகச் சாடி எழுதியவர் என்பதும் உண்மை. அந்த எழுத்தில் நேர்மையற்ற பகுதிகளும் உண்டு. தமிழ் மண்ணில் வீரமாமுனிவர் செய்ததை அறிந்த எவரும், மறைபரப்பாளர் எல்லாரும் பண்பாட்டை அழித்தவரே என்ற தீர்ப்புக்குத் தலையாட்ட முடியாது. ஆயினும் நம்மைக் குறை சொன்னவரின் குற்றச்சாட்டில் பத்தில் ஒன்று உண்மையாக இருந்தாலும், அந்த ஒன்றை ஏற்றுக்கொள்வதே நமக்கு அழகு. ஒவ்வொரு திருப்பலியின் தொடக்கத்திலும் நாம் மார்பில் தட்டிக்கொள்வது பிறர் பாவத்திற்காக அன்று.

அவர் சொன்ன உண்மை யாது? அது காது சம்பந்தப்பட்டது. ஒலிகளுக்குள் இயற்கையான விகிதங்கள் உள்ளன. குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவு, அதாவது சட்சத்திற்கும் பஞ்சமத்திற்கும் உள்ள உறவு, இரண்டுக்கு மூன்று. சட்சத்திற்கும் அந்தர காந்தாரத்திற்கும் உள்ள உறவு நான்குக்கு ஐந்து. தம்புரா மீட்டப்படும்போது பயிற்சி பெற்ற செவி இவற்றைத் தானே கேட்கும். ஐரோப்பியர் தம் பல்குரல் இசையின் வசதிக்காக ஒரு தானத்தைப் பன்னிரண்டு சமக் கூறுகளாக வெட்டிக்கொண்டனர். தானத்தை 1200 அளவுகளாகக் கொண்டால், இயற்கையான அந்தர காந்தாரம் 386-இல் நிற்கும். கீபோர்டின் காந்தாரமோ 400-இல் நிற்கும். பதினான்கு அளவு கூடுதல். நம் ஊர் மொழியில் சொன்னால், எல்லா உடம்புக்கும் ஒரே அளவில் பனியன் வெட்டும் வேலை இது. கழுத்து இறுகுகிறதே என்று கேட்டால், கழுத்தைச் சுருக்கிக்கொள் என்கிறோம்.

1943-இலேயே இசை அளவைகளைப் பற்றி நூல் எழுதியவர் தனியேலு. ஆர்மோனியம் இந்தியச் செவியைக் கெடுக்கிறது என்று இடைவிடாது சொன்னார். அவர் ஒருவர் மட்டும் அவ்வாறு கருதவில்லை. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது.

கீபோர்டைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்வதாக எவரும் எண்ணிவிட வேண்டா. ஐரோப்பியரின் வயலினை ஏற்றுக் கருநாடக இசைக்குரியதாக ஆக்கியவர் பாலுசாமி தீட்சிதர். வயலினில் கட்டை இல்லை, மெட்டு இல்லை. விரல் போகும் இடத்தில் ஒலி நிற்கும். செவிக்குப் பணியும் கருவியாதலால் அது நம்மோடு ஒன்றிவிட்டது. இன்றைய கீபோர்டுகள் பலவற்றிலும் சுருதியைச் சற்றே திருத்தி அமைக்க வழி உண்டு. அதை யாரும் தேடுவதில்லை. தாளத்தையும் பொத்தானிடம் ஒப்படைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம். தவறு கருவியினுடையது அன்று. வாரம் ஆறு நாள் பவர் டேபிளிலும் ஓவர்லாக்கிலும் எந்திரத்தின் வேகத்திற்குக் கையை ஓட்டி, ஒன்றரை ஷிப்ட் உழைத்துக் களைத்த ஒருவர், ஏழாம் நாளில் கடவுளின் முன்னிலையிலும் எந்திரத்தின் வேகத்திற்கே தொண்டையை ஓட்ட வேண்டுமென்பது என்ன நீதி? ஞாயிறு ஒன்றுதான் அவருக்குச் சொந்தம். மூச்சின் அளவுக்கு அடியை நீட்டவும், துயரத்தின் அளவுக்குத் தாளத்தைத் தாழ்த்தவும் அன்றேனும் அவருக்கு உரிமை வேண்டாமா?

எங்கே அவரோடு பிரிகிறோம்

தனியேலுவைப் புகழ்வதோடு நிறுத்தினால் அது பாதி உண்மையே ஆகும். வேறு சிலர் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகின்றனர். அவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. மரபின் தூய்மையை அவர் நாடினார். அந்தத் தூய்மைக்குக் காவல் எது என்று கேட்டபோது, பிறப்பால் வகுத்த சாதி முறையே என்று விடை கண்டார். அதை வெளிப்படையாக ஆதரித்தும் எழுதினார். அவர் குருவாக மதித்த காசியின் சுவாமி கர்பாத்திரி, இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை எதிர்த்தவர். தாழ்த்தப்பட்டோர் விசுவநாதர் கோயிலில் நுழைவதையும் எதிர்த்தவர். நுண்ணிய சுருதி வேறுபாட்டையும் கேட்ட அந்தச் செவிக்கு, சேரிக்குள் அடைக்கப்பட்டவரின் குரல் மட்டும் கேளாமற்போனது.

இசை பிறப்பின் உடைமை என்ற கருத்தைக் கொங்கு மண்ணே மறுக்கிறது. அதற்குச் சான்று தேடி நாம் பாரிசுக்கும் காசிக்கும் போக வேண்டியதில்லை.

ஈரோட்டை அடுத்த அறச்சலூரில் நாகமலைக் குகை ஒன்று உள்ளது. புலவர் செ. இராசு வெளிக்கொணர்ந்த பழந்தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கிறது. ஆடலுக்குரிய தாள எழுத்துகள் கட்டங்களாக அடுக்கப்பட்டு, இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒன்றுபோலவே வருமாறு பொறிக்கப்பட்டுள்ளன. கிறித்துவுக்குப் பிந்திய முதற்சில நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்பர் அறிஞர். எழுத்துகளை அமைத்தவன் பெயர் தேவன் சாத்தன். அவன் ஒரு மணிய வண்ணக்கன், அதாவது மணிகளை ஆய்ந்து மதிப்பிடுவோன். வணிகப் பெருவழியில் வாழ்ந்த ஒரு தொழிலாளன், பகலில் மணியின் தரம் பார்த்த அதே கண்ணால் தாளத்தின் தரமும் பார்த்திருக்கிறான்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் உள்ள இசை நுட்பங்களுக்குத் திறவுகோல் தந்தவர் உரையாசிரியர் அடியார்க்கு நல்லார். விசயமங்கலத்தை அடுத்த நிரம்பையே அவர் ஊர் என்று கொங்கு நாட்டார் கொண்டாடுவர். திருப்பூரிலிருந்து பேருந்து ஏறினால் சிறிது நேரத்தில் சென்று சேரும் ஊர். அவர் மேற்கோள் காட்டிய இசை நூல்களுள் ஒன்று அறிவனாரின் பஞ்சமரபு. மறைந்துபோயிற்று என்று நெடுங்காலம் கருதப்பட்ட அந்நூல், வெள்ளகோயில் புலவர் தெய்வசிகாமணிக் கவுண்டரின் முயற்சியால் 1973-இல் அச்சேறியது. இன்றைய திருப்பூர் மாவட்டத்து ஊரொன்றிலிருந்து தமிழிசையின் இலக்கணம் மீண்டு வந்தது என்பதை, பனியன் நகரத்தில் வாழும் நாம் நம் பிள்ளைகளுக்கு என்றேனும் சொல்லியதுண்டா?

கிறித்தவர் என்ற முறையில் நாம் நினைக்க வேண்டிய பெயர் ஆபிரகாம் பண்டிதர். அவர் நம் சபையினர் அல்லர். சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்து மூலிகை மருத்துவரானவர். இசைக் குடியில் பிறந்தவரும் அல்லர். மருத்துவத்தில் ஈட்டிய பொருளைச் செலவிட்டுத் தஞ்சையில் இசை மாநாடுகள் நடத்தினார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் தம் மகளிரைப் பாடச் செய்து, சுருதிகள் இருபத்திரண்டல்ல, இருபத்துநான்கே என்று வாதிட்டார். 1917-இல் ஆயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்ட ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. தானத்தைச் சமமாகப் பகுக்கும் பண்டிதரின் கணக்கும், இயற்கை விகிதங்களே சரி என்னும் தனியேலுவின் கணக்கும் ஒன்றோடொன்று மோதுவன. யார் கணக்கு சரி என்பதை இசை வல்லார் முடிவு செய்யட்டும். நம் இசையை நாமே அளந்து பார்க்க வேண்டும் என்ற தன்மதிப்பு பண்டிதரிடம் இருந்தது என்பதே நமக்குரிய பாடம்.

மணி மதிப்பிடுவோன், உரை எழுதிய புலவர், சுவடி பதிப்பித்த வேளாண் குடியினர், மருந்து அரைத்த ஆசிரியர் என்று இத்தனை பேர் வரிசையாக நிற்கும்போது, சாதியே இசைக்குக் காவல் என்பது எப்படிப் பொருந்தும்? சாதி இசையைக் காக்கவில்லை. பறையை இழவு வீட்டில் கட்டிப்போட்டு, அதை அடித்தவரைத் தெருக்கோடியில் நிறுத்தியதுதான் அது செய்த வேலை. பறையைத் திருப்பலிக்குள் கொண்டுவந்தபோது “சாவு மேளமா?” என்று முகம் சுளித்தவர் நம்மிடையே இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அவர்களும் தனியேலுவும் தம்மை அறியாமலே ஒரே பக்கம் நிற்கின்றனர். உயிர்த்த ஆண்டவரை வழிபடும் கூட்டத்தார் சாவின் மேளத்தைக் கண்டு அஞ்சுவது எனக்கு என்றுமே விளங்கியதில்லை.

ஆகவே அவரிடமிருந்து செவியைக் கடன் வாங்குவோம். சாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

என்ன செய்யலாம்?

குறை சொல்லி முடிப்பது எளிது. நான்கு வேலைகளை முன்வைக்கிறேன். நான்கிற்கும் பெரும் பொருட்செலவு இல்லை.

முதலாவது, பாடற் பயிற்சியைச் சுருதிப் பெட்டியோடும் கைத்தாளத்தோடும் தொடங்குவோம். கீபோர்டு பிறகு சேரட்டும். முன்னே செல்வது குரலாக இருக்கட்டும். இரண்டாவது, தானியங்கித் தாளப் பொத்தானைத் திருப்பலி நேரத்தில் தொடுவதில்லை என்று ஒவ்வொரு பாடகர் குழுவும் முடிவு செய்யட்டும். தவில், தபேலா, பறை, உடுக்கை என எதை வாசிக்கத் தெரிந்தவர் பங்கில் உள்ளாரோ அவரை அழைப்போம். எவரும் இல்லையெனில் கைகள் உள்ளன.

மூன்றாவது, பதிவு செய்வோம். கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கயம் பகுதியின் ஓலப்பாளையத்தில் தங்கி, அண்ணன்மார் கதையைப் பாடக் கேட்டு நாடாவில் பதிந்தார். இன்று அந்தக் கதையை ஆய்வோர் அவருடைய நாடாவையே நாடுகின்றனர். தனியேலுவும் அவரும் கருவிகளைச் சுமந்து நாடு கடந்து வந்தனர். நம் சட்டைப் பையிலேயே பதிவுக் கருவி இருக்கிறது. நம் பாட்டிமார் வாயில் இருக்கும் கும்மிப் பாட்டையும், தவக்கால ஒப்பாரியையும், வியாகுலப் பாடலையும் யார் பதிகிறோம்? ஒவ்வோர் அடக்கத் திருப்பலியோடும் சில பாடல்கள் மண்ணுக்குள் போகின்றன.

நான்காவது, நம்மிடையே வந்து வாழும் ஒடிசா, சார்க்கண்ட், பீகார் மக்கள் தம் பாட்டைத் தம் முழவோடு பாட ஆண்டில் ஒரு ஞாயிறேனும் அளிப்போம். திருப்பூரின் பனியனை உலகெங்கும் அனுப்புவதில் அவர்கள் கைக்கும் பங்குண்டு. அவர்களிடம் உழைப்பை வாங்கிக்கொண்டு பாட்டை மட்டும் வாசலில் நிறுத்துவது, பாதிச் சம்பளம் கொடுப்பது போன்றதே.

“இதெல்லாம் வழிபாட்டின் ஒழுங்கைக் குலைத்துவிடாதா?” என்று சிலர் கவலைப்படுவர். ஒழுங்கு வேண்டும், மறுப்பில்லை. எந்தப் பாடல், எந்த இடத்தில், எந்த அளவில் என்பதைப் பங்குத்தந்தையும் வழிபாட்டுக் குழுவும் அமர்ந்து முடிவு செய்யட்டும். அந்த உரையாடலில் முழவு அடிப்பவரும் உடன் அமரட்டும் என்பதுதான் வேண்டுகோள்.

கர்தினால் ழான் தனியேலு 1974-இல் மறைந்தார். அவர் தம்பி இந்திய சங்கீத நாடக அகாதமியின் மதிப்புறு உறுப்பினராக 1991-இல் தேர்வு பெற்று, 1994 சனவரியில் சுவிட்சர்லாந்தில் உயிர் நீத்தார். இருவருக்கும் இடையே இருந்த வழக்கைத் தீர்ப்பவர் இறைவன். நமக்கு முன்னிருப்பது அதைவிடச் சிறிய வழக்கு. வேப்பமரத்தடி மூதாட்டியின் கேள்வி இன்னும் விடையின்றி நிற்கிறது. அந்த இளைஞர்கள் அதே பங்கில்தான் இருக்கின்றனர். அடுத்த காணிக்கைப் பவனிக்கும் வருவார்கள். அப்போது கதவருகில் நிற்கும் நம் ஆள் ஒருவர், முழவை வாங்கி ஓரமாக வைக்காமல், அதைத் தூக்கி வர ஒரு கை கொடுத்தால் போதும்.